அந்த எண் எங்கிருந்து வந்தது?

கேள்வி: சிவில் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகள் கட்டடப் பணியில் இருந்தேன். இப்போது குடிநீர், கழிவுநீர்த் திட்டங்களை வடிவமைக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். கையில் இருக்கும் வேலை, நாளொன்றுக்கு 20 லட்சம் லிட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம். பல பாடத்திட்டங்களைப் பார்த்து 19 புத்தகங்களுக்குப் பட்டியல் போட்டேன். எல்லாவற்றையும் வாங்க முடியாது. எதை முதலில் வாங்குவது? பழைய பதிப்பு போதுமா? இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப்களை வைத்துச் சமாளிக்கலாமா? நீர் மேலாண்மை என்பது வேறு துறையா, அதற்கும் நூல்கள் சேர்க்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் பட்டியலை இரண்டு முறை படித்தேன். மோசமான புத்தகம் என்று அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிக்கு மேல் வகுப்பில் பாடம் நடத்துவதற்காக எழுதப்பட்டவை. சில, தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கானவை. உங்களுக்கு இப்போது வேண்டியது வேறு வகை. மேசையில் விரித்துவைத்து, அதிலிருந்து ஓர் எண்ணை எடுத்துக் கணக்கில் போட்டு, அந்தக் கணக்கின் அடியில் உங்கள் கையெழுத்தைப் போடுவதற்கான புத்தகம் அது.

அந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, ஒரு கழிவுநீர் நிலையத்துக்கு எவ்வளவு காற்று தேவை என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். பிஓடி என்பது கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு. ஐந்து நாள் பிஓடி லிட்டருக்கு 200 மில்லிகிராம். அதிலிருந்து முழு பிஓடியைக் கண்டுபிடிக்க, சிதைவு எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதைக் காட்டும் வேகமாறிலி வேண்டும். அலுவலக அலமாரியில் இருந்த பழைய கையேடு ஒன்றில் 20 டிகிரிக்கு 0.1 என்று போட்டிருந்தது. எடுத்துப் போட்டேன், 508 வந்தது. அதை வைத்து, தொட்டிக்குள் காற்றைச் செலுத்தும் புளோயர்களின் அளவையும் தீர்மானித்துவிட்டேன். கணக்கைச் சரிபார்த்த மூத்த பொறியாளர் பென்சிலால் அந்த 0.1-ஐச் சுற்றி வட்டம் போட்டு, "இது எங்கேயிருந்து வந்துச்சு?" என்று மட்டும் கேட்டார். புத்தகத்தைக் காட்டினேன். "எந்த அடிமானத்துல?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்தக் கையேடு பத்தை அடிமானமாகக் கொண்ட பழைய வாய்பாட்டுக்கான எண்ணைத் தந்திருந்தது. நான் போட்டதோ இயற்கை மடக்கையின் அடிமானம் கொண்ட வாய்பாடு. அதில் போடுவதற்கு முன் 0.1-ஐ 2.303-ஆல் பெருக்கி 0.23 ஆக்கியிருக்க வேண்டும். அப்போது விடை 508 அல்ல, 293. தேவையைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு காற்றுக்கு நான் இயந்திரம் கேட்டிருந்தேன். 0.1, 0.23 இரண்டும் சரியான எண்கள்தான். ஒன்று எந்த வாய்பாட்டுக்கு உரியது என்பதை அந்தக் கையேடு எங்குமே சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைப் பார்த்தாலும் முதலில் நான் தேடுவது அதைத்தான். தான் தரும் எண் எங்கிருந்து வந்தது, எந்த நிபந்தனையில் செல்லும் என்று சொல்கிறதா? சொன்னால் அது ரெஃபரன்ஸ் நூல். சொல்லாவிட்டால், எவ்வளவு தடிமனாக இருந்தாலும் எனக்கு அது வாசித்துவிட்டு வைக்கும் புத்தகம்தான்.

இதை உங்கள் வேலையிலேயே சோதித்துப் பாருங்கள். நுண்ணுயிர்ச் சேற்றைப் படியவைத்துத் தெளிந்த நீரைப் பிரிக்கும் தொட்டியான இரண்டாம் நிலை கிளாரிஃபையர் பகுதியைத் திறந்து, மேற்பரப்பு ஏற்றவீதத்துக்கு, அதாவது தொட்டியின் ஒரு சதுர மீட்டர் பரப்புக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நீர் விடலாம் என்பதற்கு, என்ன தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். "24 என்று எடுத்துக்கொள்க" என்று ஒரு புத்தகம் முடித்துவிடும். நல்ல நூல் சராசரி ஓட்டத்துக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 16 முதல் 28 கன மீட்டர் வரை என்று வீச்சாகத் தரும். உச்ச ஓட்டத்துக்குத் தனி எண் தரும். திடப்பொருள் ஏற்றத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லும், சேறு படியும் தன்மை கெட்டால் இந்த எண்கள் செல்லாது என்றும் எச்சரிக்கும். உங்கள் நிலையத்துக்கு வரும் ஓட்டம் நாளுக்கு 2,000 கன மீட்டர். 28 எடுத்தால் ஏறத்தாழ 71 சதுர மீட்டர் போதும், 16 எடுத்தால் 125 வேண்டும். விட்டத்தில் சொன்னால் ஒன்று ஒன்பதரை மீட்டர், மற்றது பன்னிரண்டரை. இரண்டுமே "புத்தகத்தில் உள்ள" அளவுகள்தான். நடுவில் எதைத் தேர்ந்தெடுப்பது, ஏன் என்று யோசிக்க வைக்கிற நூல்தான் உங்களுக்கு வேண்டும்.

இன்னொரு சோதனையும் செய்வேன். புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவில் "காரத்தன்மை" என்ற சொல்லைத் தேடுவேன். அமிலத்தைச் சமன்செய்ய நீருக்கு உள்ள திறன் அது. நீர்ப் பொறியியலில் இந்த ஒரு சொல் பல வீடுகளில் குடியிருக்கிறது. படிகாரம் போட்டுக் கலங்கலைப் படிய வைக்கும்போது, ஒரு மில்லிகிராம் படிகாரம் ஏறத்தாழ அரை மில்லிகிராம் காரத்தன்மையைத் தின்றுவிடும். கழிவுநீரில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறும்போது 7.14 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். குழாய் அரிப்பைப் பற்றிய பகுதியிலும் இதே சொல் வந்து நிற்கும். மூன்று இடங்களுக்கும் சொல்லடைவு வழிகாட்டினால், அந்த நூலைத் தொகுத்தவர்கள் வேலை நடுவில் அவசரமாகப் புரட்டும் ஒருவரை மனதில் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஒரே ஒரு பக்க எண் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுவேன். இது கொஞ்சம் கடுமையான சோதனைதான், ஆனாலும் இதில் தேறாத நூல் எதுவும் என் மேசையில் நிலைத்ததில்லை.

பதிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இதற்குப் பலரும் "புதியதையே வாங்குங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்தத் துறையில் வெவ்வேறு அறிவு வெவ்வேறு வேகத்தில் பழையதாகிறது. துகள் நீரில் படியும் வேகமோ கால்வாயில் நீர் ஓடும் விதியோ மாறப்போவதில்லை. வென் தே சௌ திறந்த கால்வாய் நீரியக்கவியல் பற்றி 1959-ல் எழுதிய நூலை இன்றும் எடுத்துப் பார்க்கிறேன். கால்வாய்களின் புகைப்படங்களைப் போட்டு ஒவ்வொன்றுக்கும் மேனிங் சொரசொரப்பு எண்ணை, அதாவது கால்வாயின் சுவர் நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண்ணை, அதில் தந்திருக்கிறார்கள். தளத்தில் நிற்கும் கால்வாயைப் படத்தோடு ஒப்பிட்டு எண்ணை எடுக்கலாம். அது பழையதாகவில்லை.

நோயும் நச்சும் சம்பந்தப்பட்ட பக்கங்கள் அப்படியல்ல. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஆர்சனிக்குக்கு லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்று வைத்திருந்த அளவை 1993-ல் 10-ஆகக் குறைத்தது. அதற்கு முந்தைய நூலைத் திறந்து பார்ப்பவர், இன்றைய வரம்பைப்போல் ஐந்து மடங்கு ஆர்சனிக் உள்ள நீரைக் குடிக்கலாம் என்று முடிவு செய்துவிடுவார். நீரில் இருக்கும் கரிமப் பொருளோடு குளோரின் சேர்ந்து குளோரோஃபார்ம் போன்ற ட்ரைஹாலோமீத்தேன்களை உண்டாக்குகிறது என்று ரோட்டர்டாமில் யோஹானஸ் ரூக் காட்டியது 1974-ல். அதற்கு முன் அச்சான நூல்களில் தாராளமாகக் குளோரின் போடச் சொல்லியிருப்பார்கள், ஆபத்தை எதிர்பார்க்க அவர்களுக்குக் காரணமே இருந்திருக்காது.

இதில் என்னை மிகவும் பாதித்தது கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியின் கதை. 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குடிநீர் வழியாக அது பரவி ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நோயுற்றார்கள். குளோரினுக்கு அசையாத உயிர் அது. புற ஊதா ஒளியும் அதை ஒன்றும் செய்யாது என்றுதான் அன்றைய நூல்கள் சொல்லின. ஒளி பட்ட பிறகும் அது உயிரோடு இருக்கிறதா என்றுதான் அப்போது சோதித்துவந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் எலிகளுக்குக் கொடுத்து, தொற்றும் திறன் மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தபோது படம் தலைகீழானது. மிகக் குறைந்த ஒளியளவிலேயே அது தொற்றும் சக்தியை இழந்திருந்தது. 2006-ல் வந்த அமெரிக்க விதி, ஆயிரத்தில் 999 கிருமிகளைச் செயலிழக்கச் செய்ய ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12 மில்லிஜூல் போதும் என்று அட்டவணை போட்டது. ஆக, 1995-ல் அச்சான நூலில் கிருமிநீக்கம் பற்றிய அத்தியாயம் சில தகவல்களை விட்டுவிட்டதோடு நிற்கவில்லை, இந்த ஓர் இடத்தில் நேரெதிரான முடிவையே தருகிறது. நீர்த்தர வரம்பு, கிருமிநீக்கம், சவ்வு வடிகட்டல் மூன்றுக்கும் கிடைப்பதில் மிகப் புதிய பதிப்பை எடுங்கள். நீரியக்கவியலுக்குப் பழையதை நம்பி வாங்கலாம்.

பதிப்பு மாறும்போது துறையே எப்படி மாறியிருக்கிறது என்பதைச் சில நூல்களின் அட்டையிலேயே படிக்கலாம். மெட்காஃப் அண்ட் எடி நிறுவனத்தின் பெயரில் வரும் கழிவுநீர்ப் பொறியியல் நூலின் 1991 பதிப்பில் "சுத்திகரிப்பு, அகற்றல், மறுபயன்பாடு" என்று துணைத்தலைப்பு இருந்தது. 2003-ல் "அகற்றல்" போய்விட்டது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் "சுத்திகரிப்பும் வளமீட்பும்" என்று ஆகிவிட்டது. தூக்கிப் போட வேண்டிய பொருளாகப் பார்த்த கழிவுநீரை, நீரும் உரமும் ஆற்றலும் எடுக்கும் மூலப்பொருளாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

இந்த நூல்தான் உங்கள் பட்டியலில் நான் முதலில் டிக் போடுவது. ஏறத்தாழ 2,000 பக்கம். முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள், கழிவுநீரின் இயல்புகள், ஆக்டிவேட்டட் ஸ்லட்ஜ் (காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்ச் சேற்றைக் கொண்டு சுத்திகரிக்கும் முறை), இரண்டாம் நிலை கிளாரிஃபையர் ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் இந்த மாதம் தீர்க்கமாகப் படியுங்கள். எண்ணுக்குப் பக்கத்திலேயே நிபந்தனை சொல்லும் பழக்கம் அதற்கு உண்டு. அதில் ஒரு குறையும் உண்டு. அதன் அனுபவத்தில் பெரும்பகுதி குளிர்ப் பிரதேச நிலையங்களிலிருந்து வந்தது. உங்கள் கழிவுநீர் ஆண்டு முழுவதும் 25 டிகிரிக்கு மேல் இருந்தால் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும், நீரில் கரையும் ஆக்சிஜனோ குறையும், காற்றில்லா முறைகள் கழிவுநீருக்கே நேரடியாகச் சாத்தியமாகும். இந்த மூன்றையும் நடுநாயகமாக வைத்து எழுதப்பட்டது வான் ஸ்பெர்லிங்கும் செர்னிசாரோவும் 2005-ல் வெளியிட்ட, வெப்பப் பிரதேசங்களுக்கான உயிரியல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நூல். இரண்டு தொகுதிகள். பதிப்பகமே இலவசமாகத் தரவிறக்கத் தந்திருக்கிறது. முதல் நூலை வாங்கும் அன்றே இதையும் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே கணக்கைப் போட்டுப் பாருங்கள், விடைகள் எங்கே பிரிகின்றன என்று தேடும்போதுதான் உங்களுக்குத் துறை பிடிபடும்.

மூன்றாவது, உங்கள் நாட்டு அரசு வெளியிட்டுள்ள வடிவமைப்புக் கையேடும் நீர்த்தர நிர்ணயமும். இவை சுவையான வாசிப்பாக இருக்காது. சில இடங்களில் எண்ணுக்குக் காரணமும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் உங்கள் வரைபடத்தை ஏற்பதோ திருப்பி அனுப்புவதோ அதை வைத்துத்தான். அதில் ஓர் எண் விளங்கவில்லை என்றால் முன்சொன்ன இரண்டு நூல்களில் அதன் வேரைத் தேடுங்கள்.

"ஸ்டாண்டர்ட் மெத்தட்ஸ்" என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்லும் நீர், கழிவுநீர்ப் பரிசோதனை முறைகளின் தொகுப்பைப் பட்டியலில் மேலே வைத்திருக்கிறீர்கள். 1905 முதல் வரும், ஆய்வகத்துக்கு இன்றியமையாத நூல். உங்கள் மேசைக்கு இப்போது தேவையில்லை. பரிசோதனை அறிக்கை வரும்போது அதில் முறை எண் எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பிஓடிக்கு 5210 பி என்று இருந்தால், 20 டிகிரியில் ஐந்து நாள் வைத்துப் பார்த்தது என்று தெரிந்துவிடும். முறை எண் இல்லாத அறிக்கையைத் திருப்பிக் கேளுங்கள். அதுவும் ஊர் பேர் இல்லாத எண்தான்.

குடிநீர் வேலை வரும்போது எம்டபிள்யூஎச் நிறுவனத்தின் பெயரில் வரும் நீர்ச் சுத்திகரிப்பு நூலைப் பாருங்கள். மூன்றாம் பதிப்பு 2012-ல் வந்தது. அடிப்படை வேதியியலிலிருந்து தொடங்கி வடிவமைப்புவரை கைப்பிடித்துக் கூட்டிப்போகும். அதுவரை பொறுத்திருக்கலாம்.

வாங்கும்போது அலகுகளைக் கவனியுங்கள். அமெரிக்க நூலாக இருந்தால் இரண்டு அலகிலும் எண் தருகிறதா என்று பாருங்கள். கேலன் என்றால் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. குழாயில் நீர் ஓடும் வேகத்தைக் கணக்கிடும் ஹேசன்–வில்லியம்ஸ் வாய்பாட்டின் முன்னால் நிற்கும் எண் அடிக்கணக்கில் 1.318, மீட்டர்க்கணக்கில் 0.849. ஆனால் குழாயின் உட்புற வழவழப்பைக் குறிக்கும் சி மதிப்பு இரண்டிலும் ஒன்றே. இந்தக் கடைசி விவரம் தெரியாமல் சி-யையும் மாற்றிப் போட்ட கணக்குகளை நான் சரிபார்த்திருக்கிறேன்.

பிடிஎஃப் விஷயத்தில் எனக்கு ஒரு கவலை உண்டு. திருட்டுப் பிரதி என்பது ஒரு பக்கம். அதைவிட, ஸ்கேன் செய்து எழுத்தறியும் மென்பொருளில் போட்ட கோப்புகளில் மேலே சிறிதாக நிற்க வேண்டிய அடுக்கு எண் கீழே இறங்கிவிடும், கழித்தல் குறி காணாமல் போகும். பத்தின் மைனஸ் மூன்றாம் அடுக்கு, நகலெடுத்து ஒட்டும்போது 103 என்று வந்து உட்காரும். பதிப்பாளரே இலவசமாகத் தரும் கோப்புகளில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் இருக்காது, அப்படிப்பட்டவை இன்று நிறையவே இருக்கின்றன. 2020-ல் இரண்டாம் பதிப்பு கண்ட இன்டர்நேஷனல் வாட்டர் அசோசியேஷனின் உயிரியல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நூல், ஃப்ரீஸும் செரியும் 1979-ல் எழுதிய நிலத்தடி நீர் நூல், குழாய் வலையமைப்புக்கான எபாநெட் மென்பொருளின் கையேடு எல்லாமே நேர்மையான வழியில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் 19-க்குள் இந்த மூன்றும் இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

நீர் மேலாண்மை வேறு துறையா என்ற கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கட்டப்போகும் நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் எங்கே போகும்? வயலுக்குப் போவதாக இருந்தால் எவ்வளவு வயலுக்கு, எந்த மாதத்தில் எவ்வளவு? கோடையில் முழுவதும் வேண்டும், மழைக்காலத்தில் ஒரு சொட்டும் வேண்டாம் என்றால் அதைச் சேமிக்க எங்கே இடம்? இந்தக் கேள்விகள் மேலாண்மை நூல்களில்தான் இருக்கின்றன, ஆனால் அவற்றின் பதில் உங்கள் தொட்டியின் அளவை மாற்றும். எனவே பிரித்துப் பார்க்காதீர்கள்.

ஒன்றிலிருந்து தொடங்கலாம் என்றால், பயிரின் நீர்த்தேவையைக் கணக்கிடுவது பற்றி ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் எண் வெளியீட்டைச் சொல்வேன். எண்ணுக்கு ஊர் சொல்வது என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. எல்லாப் பயிர்களையும் ஒப்பிட ஓர் அடிப்படைப் புல்வெளியைக் கற்பனை செய்திருக்கிறார்கள். அந்தப் புல்லின் உயரம் 12 சென்டிமீட்டர், தன்மேல் விழும் ஒளியில் 23 சதவீதத்தை அது திருப்பி அனுப்பும், நீராவி வெளியேற அதன் பரப்பு தரும் தடை மீட்டருக்கு 70 வினாடி. இப்படி மூன்றையும் எழுதிவைத்துவிட்டுத்தான் கணக்குக்குள்ளேயே நுழைகிறார்கள். யார் எங்கே கணக்கிட்டாலும் ஒரே புல்தான். அதுவும் இலவசம். அணை, கால்வாய், நகரம், வயல் எல்லாம் சேர்ந்த ஆற்றுப்படுகைத் திட்டமிடலுக்கு லௌக்ஸும் வான் பீக்கும் எழுதிய நீர்வள அமைப்புகள் பற்றிய நூலின் 2017 பதிப்பு, அதையும் திறந்த அணுக்கத்தில் விட்டிருக்கிறார்கள்.

எந்த மேலாண்மை நூலிலிருந்தும் மழையளவை மட்டும் எடுத்துக் கணக்கில் போட்டுவிடாதீர்கள். அது புத்தகத்திலிருந்து எடுக்கும் எண்ணே அல்ல. உங்கள் இடத்துக்கு மிக அருகில் உள்ள மழைமானியின் பதிவுகளிலிருந்து, கடைசி ஆண்டுவரை சேர்த்துக் கணக்கிட வேண்டியது. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவை வைத்துப் போட்ட மழை வளைவு இன்றைய மழைக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாத காலத்தில் இருக்கிறோம்.

ஆக, காசு கொடுத்து வாங்க வேண்டியது இப்போதைக்கு ஒன்றுதான், மெட்காஃப் அண்ட் எடி ஐந்தாம் பதிப்பு. கையில் வந்ததும் பதிப்பகத்தின் தளத்தில் பிழைதிருத்தப் பட்டியல் இருக்கிறதா என்று தேடி, இருந்தால் முதலில் அத்தனையையும் பென்சிலால் திருத்திவிட்டு அப்புறம் படிக்கத் தொடங்குங்கள். உங்கள் எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு நெடுவரிசை விட்டு, நூல், பதிப்பு, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். கிளாரிஃபையர் கணக்கு முடிந்ததும் 16-க்கும் 28-க்கும் இடையில் எதை எடுத்தீர்கள், ஏன் என்று எனக்கு எழுதுங்கள். அந்த நெடுவரிசையோடு சேர்த்தே அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.